பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போதுதான் தோட்ட வேலை!

கோடை லீவு விட்டாச்சு என்றால் நம் வீடுகளில் வேலை இரண்டு மடங்கு ஆகிவிடும். வற்றல் போட வேண்டும், வடகம் பிழிய வேண்டும், மாவடு வாங்கி ஊறப்போட வேண்டும், வருகிற விருந்தாளிகளுக்கு வடித்துக் கொட்ட வேண்டும். போதாக்குறைக்குப் பிள்ளைகள் நாள் பூராவும் வீட்டில்! இந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. நானும் முன்பெல்லாம் உங்கள் கட்சிதான். தோட்டம் என்றால் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கொரு செடியைக் கையில் கொடுத்து, நட்டு முடித்ததும் கைதட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிக் கைதட்டி நட்ட தோட்டம் ஒன்று என்ன கதியாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. செம்மண் பூமி. ஊரில் 8-ம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஏறக்குறைய 120 பிள்ளைகள். சமையலறைக்குப் பின்னால் 3 சென்ட் இடம் சும்மா கிடந்தது. 2022 ஜூனில் பள்ளி திறந்ததும் தோட்டம் போடலாம் என்று தாய்மார்கள் சிலர் சேர்ந்தோம். கடப்பாரையால் இறுகிய தரையில் குழி குத்தி, பக்கத்து வீட்டுத் தொழுவத்திலிருந்து அன்றைய சாணியை அப்படியே அள்ளிப் போட்டு, நர்சரியில் வாங்கிய தக்காளி, கத்தரி நாற்று 60 நட்டோம். வெண்டை விதையும் ஊன்றினோம். இருபது நாள்கூட ஆகவில்லை. நாற்றுகள் மஞ்சளாகித் தலை தொங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேருக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்கிறது புழு. சில வேர்களில் முடிச்சு முடிச்சாக வீக்கம். மிச்சமிருந்ததை ஒரு சாயங்காலம் நாலு ஆடுகள் வந்து சுத்தம் பண்ணிவிட்டன. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், என் செடி செத்துப் போச்சு" என்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

தலைமை ஆசிரியை கோபக்காரர் அல்ல. ஆனால் கணக்கானவர். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம். அடுத்த ஆடிக்குள்ள ஒண்ணும் தெரியலேன்னா, அந்த இடத்துக்குத் தளம் போட்டு சைக்கிள் நிறுத்த விட்டுடலாம்மா" என்று சொல்லிவிட்டார். சிமெண்ட் தளம் விழுந்தால் அப்புறம் அந்த மண்ணை யார் கண்ணால் பார்ப்பது?

எனக்கு அந்த 3 சென்ட் மேல் ஏன் அத்தனை பிடிவாதம் என்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரத்தம் பரிசோதித்தார்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் என் இளைய மகளுக்கு 9 என்று வந்தது. அவள் வகுப்பில் அவள் ஒருத்தி மட்டுமில்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை என்று 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டு வந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். சோறும் முட்டையும் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடுகிறது, வாஸ்தவம். பசேலென்று கீரை தட்டில் விழுவதுதான் அபூர்வம். விலை ஏறும் நாளில் 120 பேருக்குக் கீரை வாங்கிக் கட்டுப்படியாகுமா? சமைக்கிற அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? 2019-ல் மத்திய அரசே பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட வழிகாட்டி வெளியிட்டது இதற்காகத்தான்.

செத்துப்போன செடி ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் உள்ள வயதான சம்சாரி ஒருவரிடம் போனேன். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏத்தா, சீக்கு செடியிலயா இருக்கு? மண்ணுல இருக்கு. கோடை பூராத் தூங்கிப்புட்டு ஆடியில முழிச்சா வெள்ளாமை எப்படித்தா வரும்?" என்று கேட்டார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பட்டத்துக்கு முந்திய நாலு மாத வேலையை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை பாருங்கள். பங்குனியில் ஆரம்பிக்க வேண்டிய வேலை அது. பள்ளிக்கூடமோ சித்திரையில் பூட்டிவிடுகிறார்கள். தோட்டம் கெடுவது அந்தப் பூட்டில்தான்.

சாவி யார் கையில்?

எனவே முதல் வேலை மண்வெட்டி அல்ல, சாவி. 2023 மார்ச்சில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தோம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு இது. இதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பி விடுகிறோம்! பேசினால் நடக்கும். லீவில் பின்வாசல் சாவி இரண்டு பேரிடம் இருக்கலாம், காலை 6 மணியிலிருந்து எட்டரை வரை வேலை செய்யலாம், பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று மினிட் புத்தகத்திலேயே எழுதி வாங்கினோம். வாய்ச் சொல்லாக விட்டிருந்தால் மே மாதமே தகராறு வந்திருக்கும்.

பெயர் கொடுத்தவர்கள் பதினோரு பேர். ஏப்ரல் கடைசியில் மிஞ்சியவர்கள் நாலு பேர். ஒருத்திக்கு அம்மா வீடு, ஒருத்திக்கு நாத்தனார் கல்யாணம். ஒரு மதினி நேராகவே கேட்டார், "நம்ம பிள்ளைகளைப் படிக்கத்தானே அனுப்பினோம், மண்ணு கொத்தவா அனுப்பினோம்?" எனக்கு அது தப்பான கேள்வியாகத் தோன்றவில்லை. கடப்பாரை வேலையும் சுமை தூக்குவதும் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று அன்றே முடிவு செய்தோம். கல் பொறுக்குவது, விதை ஆய்வது, சருகு அள்ளுவது, இவ்வளவுதான் அவர்களுக்கு. அதுவும் விருப்பப்பட்டு வந்தால்.

சருகைக் கொளுத்தாதீர்கள்

பள்ளியில் மூன்று பெரிய வேப்பமரங்கள். மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் தள்ளும். அத்தனையையும் பெருக்கி ஒரு மூலையில் கொளுத்துவதுதான் வழக்கம். புகை வகுப்புக்குள் வந்து பிள்ளைகள் இருமுவார்கள். 2023 மார்ச்சில் அதை நிறுத்தினோம். மரநிழலில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்துக்குக் குழி ஒன்று எடுத்தோம். அடியில் ஒரு சாண் சருகு, அதன் மேல் சமையலறைக் காய்கறித் தோல், முட்டை ஓடு, அதன் மேல் சாணிக் கரைசல், பிறகு ஒரு விரற்கடை மண். இப்படியே அடுக்கடுக்காக மேலே வந்தோம். பள்ளி நடக்கும்போதே முட்டை ஓட்டைத் தனியாகச் சேர்த்து வைக்கச் சொல்லிவிட வேண்டும். லீவு விட்டபின் தேடினால் கிடைக்காது. ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் ஆறு மாதம் கழித்தும் முழுசாகவே கிடக்கும்.

குழி காயவும் கூடாது, சொதசொதக்கவும் கூடாது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். அதுதான் பதம். 15 நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டோம். மூன்று மாதத்தில், அதாவது ஜூன் கடைசியில், கறுப்பாகப் பொலபொலவென்று காப்பித்தூள் மாதிரி ஆகிவிட்டது. சாணி நாற்றம் துளியும் இல்லை, மண் வாசனைதான்.

நான் 2022-ல் செய்த பெரிய தப்பு பச்சைச் சாணி. அது மண்ணுக்குள்ளே மக்கும்போது சூடு கிளப்பி இளம் வேரைப் பொசுக்கிவிடும். வண்டுகள் முட்டையிடுவதும் குப்பையில்தான். அந்த வெள்ளைப் புழு அதன் வழியாகத்தான் வந்தது என்று பெரியப்பா சொன்னார். எரு வாங்குவதாக இருந்தால் நன்றாக மக்கியதா என்று பாருங்கள். கொட்டும்போது கிளறிப் புழுக்களைப் பொறுக்கிப் போடுங்கள். எங்களுக்குக் கோழிகள் அந்த உபகாரத்தைச் செய்தன!

மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஏப்ரலில் கொத்த ஆரம்பித்தோமா, முதல் கொத்திலேயே டங்கென்று சத்தம். எப்போதோ கழிப்பறை கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் காரைக் கட்டியும் சிமெண்ட் கலவையும் ஓரமாகப் போட்டு, மேலே ஒரு சட்டி மண்ணைத் தூவி மூடியிருக்கிறார்கள்! அந்த வேலைக்காரர்களை வைது பிரயோஜனமில்லை. 26 கூடை அள்ளினோம். தேள் இரண்டு, பூரான் ஒன்று. ஆகவே சகோதரிகளே, இடிபாட்டில் வெறுங்கை வைக்க வேண்டாம். மண்வெட்டியால் முதலில் புரட்டிவிட்டுப் பிறகு அள்ளுங்கள். காலில் செருப்பு கட்டாயம்.

மண்ணைப் பரிசோதிக்கவும் கோடைதான் சரியான காலம், நிலம் சும்மா கிடப்பதால். ஆங்கில 'வி' எழுத்துப்போல ஆறு அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழ் வரை சீராக ஒரு பட்டை மண்ணைச் சுரண்ட வேண்டும். இப்படி ஏழெட்டு இடத்தில் எடுத்துக் கலந்து, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மறுபடி கலந்து மறுபடி பங்கிட்டு, கடைசியில் அரைக் கிலோ துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். காரை கிடந்த பக்கத்து மண்ணைத் தனியாக அனுப்பினோம். சுண்ணாம்பும் சிமெண்டும் ஊறி அந்தப் பக்கம் காரத்தன்மை கூடியிருந்தது. நல்லவேளை, அடுப்புச் சாம்பலைக் கொட்டலாம் என்று இருந்தேன். அப்படிப்பட்ட மண்ணில் சாம்பல் போட்டால் இன்னும் கெடும். அந்தப் பக்கத்துக்கு மக்கிய எருவை இரண்டு பங்காகக் கொடுத்தோம். பெயிண்ட் டப்பா, பழைய பேட்டரி கிடந்த இடமாக இருந்தால் அங்கே கீரை, கிழங்கு எதுவும் வேண்டவே வேண்டாம். பூச்செடி வையுங்கள், போதும்.

காய்ந்த செம்மண்ணைக் கொத்த ஒரு யுக்தி உண்டு. கொத்தாமல் இருப்பதுதான்! முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் விடியற்காலை ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். உருண்டை பிடிக்கவே வராவிட்டால் ஈரம் பற்றாது. விழுந்தும் உடையாமல் சப்பென்று கிடந்தால் ஈரம் அதிகம். விழுந்து உதிர்ந்தால் கொத்தலாம். ஒரு நாளைக்குக் கால் சென்ட், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. கட்டிகளை உடைக்காமல் புரட்டி மட்டும் போடச் சொன்னார் பெரியப்பா. கத்திரி வெயில் கட்டிக்குள் இறங்கி முட்டை, கூட்டுப்புழு, கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் வறுத்துவிடும். புரட்டிய மறுநாளே மைனாவும் கரிச்சானும் வந்து விருந்து சாப்பிட்டன. உழுத புழுதியைக் கால் பங்காகச் சுண்டும்படி காயவிட்டால் எரு கூட வேண்டியதில்லை என்ற கருத்தில் வள்ளுவரே உழவு அதிகாரத்தில் ஒரு குறள் எழுதியிருக்கிறார். நான் பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் புரிந்தது 2023 மே மாதம்தான்.

நாற்றங்காலுக்கு ஒரு போர்வை

நாற்று விடப் போகிற சின்ன இடத்துக்கு மட்டும் வேறு ஒரு வைத்தியம் செய்தோம். பத்தடி நீளம், நாலடி அகலம். மண்ணைப் பொடியாக்கி, சமமாக்கி, நன்றாக நனைத்து, கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்து மூடி, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்தோம். காற்று உள்ளே போகக் கூடாது. கறுப்புத் தாள் வேண்டாம். அது சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்கு அவ்வளவாக விடாது. நம் ஊர் மே மாத வெயிலில் தாளுக்கடியில் மேல்மண் 50 டிகிரி வரை சூடாகும். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விட்டால் நாற்றழுகல் பூசணம், களை விதை, வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு எல்லாம் வெகுவாகக் குறைந்துவிடும். இஸ்ரேல் நாட்டில் 1970-களில் ஆராய்ந்து கண்ட முறை இது. தாளை எடுத்தபின் ஆழமாகக் கிளறிவிடாதீர்கள். வேகாத அடிமண் மேலே வந்தால் பட்ட பாடு வீண். தாளை மடித்து வைத்து அடுத்த வருஷமும் உபயோகித்தோம். கிழிந்தால் குப்பையில் எறியாமல் பழைய பொருள் வாங்குகிறவரிடம் போடுங்கள்.

வேரில் முடிச்சு என்றேனே, அதில் ஒரு ஜாக்கிரதை. அவரை, தட்டைப்பயறு, உளுந்து வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பது. நகத்தால் தள்ளினால் தனியாக உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது. பிய்த்தால்தான் வரும். இது தெரியாமல் நல்ல தட்டைப்பயறைப் பிடுங்கி எறிந்தவள் நான்.

மழை வந்தது

2023-ல் எங்களுக்கு அதிர்ஷ்டம். மே மாத ஆரம்பத்திலேயே கோடை மழை பெய்தது. அடுத்த இரண்டு நாளில் பலதானியம் விதைத்துவிட்டோம். இயற்கை விவசாயத்துக்காகவே ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் ஐயா இதைப் பற்றி விடாமல் பேசியவர். 2013-ல் அவர் மறைந்த பிறகும் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் அவர் பேரைச் சொல்கிறார்கள். கம்பு, சோளம், எள், உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, சணப்பு, கொத்தமல்லி, வெந்தயம் என்று எல்லாம் கலந்து 3 சென்ட்டுக்கு முக்கால் கிலோ போதும். நம் அஞ்சறைப்பெட்டியிலும் டப்பாக்களிலும் பழசாகிப்போய்க் கிடப்பதிலேயே பாதி தேறிவிடும். முளைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உடைத்த பருப்பு முளைக்காது!

45-வது நாள் வாக்கில், பூ எடுக்கும் சமயம், அறுத்து அதே மண்ணில் மடக்கிக் கொத்திவிட வேண்டும். "இம்புட்டுப் பச்சையா இருக்கே, காய்க்க விட்டா என்னக்கா?" என்று ஒருத்தி கெஞ்சினாள். எனக்கும் மனசு வரவில்லைதான். காய் பிடித்துத் தண்டு முற்றிவிட்டால் மக்க நாளாகும், சத்தும் விதைக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு அறுத்தோம். ஜூன் 20 வாக்கில் மடக்கியது, ஆடி பிறப்பதற்குள் மக்கிவிட்டது. மழையே வராத வருஷமானால் இதற்குத் தண்ணீர் வாங்கி ஊற்றாதீர்கள். சருகு, கரும்புச் சோகை, தென்னை மட்டை எது கிடைக்கிறதோ அதை ஒரு சாண் கனத்துக்கு மூடாக்காகப் போட்டு மண்ணை மூடி வையுங்கள், அது போதும்.

விதை சேர்த்த கதை

கோடையில் செய்ய வேண்டியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாத நேரத்தில் வீட்டுத் திண்ணையிலேயே நடந்துவிடும். தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒரு அப்பத்தா வீட்டுச் சுவரில் வறட்டி போல ஏதோ அப்பியிருந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே சுரை விதை, பீர்க்கன் விதை! சாணியில் பொதிந்து சுவரில் தட்டி வைத்தால் அடுத்த பட்டம் வரை பூச்சி அண்டாது என்றார். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கிற பருவத்தில் விதை எடுக்க வேண்டும். கத்தரி நன்றாக மஞ்சளாகிப் பழுத்த பிறகு. அவரையைச் சாம்பலில் புரட்டி வைத்தால் வண்டு விழாது.

எந்த விதையானாலும் முளைப்புப் பார்க்காமல் விதைக்க வேண்டாம். 20 விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டை, அவரை ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். கத்தரி, மிளகாய்க்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். 20-ல் 14-க்கு மேல் வந்தால் தைரியமாக விதைக்கலாம். பத்துதான் என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். என் சின்ன மகள் நோட்டில் கோடு போட்டுத் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வைத்தாள். லீவில் கணக்குப் போடச் சொன்னால் ஓடுகிறவள்!

முருங்கைக்கு மே மாதத்திலேயே ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி ஆறவிட்டோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் கண்டுபிடித்த பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கலாம், ஆறு மாதத்தில் காய்க்கு வரும். பள்ளிக்கு இதுதான் சௌகரியம். கையெட்டும் உயரத்தில் கிள்ளி விட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் மரமேறி விழுகிற பயமும் இல்லை.

வேலிக்கு முள் போட வேண்டாம் என்று நான் ஒரே பிடியாக நின்றேன், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள். மூங்கில் நட்டுப் பழைய புடவைகளை இழுத்துக் கட்டினோம். ஆடு ஒரு புடவையைத் தின்று பார்த்தது! ஆடியில் கிளுவைப் போத்து ஊன்றிய பிறகுதான் வேலி வேலியாயிற்று. ஏற்கெனவே இருந்த கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளுக்குப் பக்கத்தில் 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தோம். கசிந்து கசிந்து வேருக்குப் போகும். நாலு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் செடிக்கும் இதைச் செய்யலாம். தட்டுக் கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாய்க்கால் வெட்டி அதைத் தோட்டத்துக்குத் திருப்பியதும் லீவில்தான். பிள்ளைகள் இருக்கும்போது வெட்டினால் தடுக்கி விழுவார்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

எட்டரை மணிக்கு மேல் ஒரு கொத்து கூடக் கூடாது. பானையில் நீர்மோர் வைத்திருந்தோம், உப்புப் போட்டு. தலை சுற்றல், வியர்வை நின்று உடம்பு கொதித்தல் என்றால் உடனே நிழல், ஈரத்துணி, பிறகு ஆஸ்பத்திரி. துருப்பிடித்த தகரம் கிழித்தால் மஞ்சள் அப்பிக்கொண்டு சும்மா இருக்காமல் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பூனை புழங்கும் மண்ணைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அதில் கருவைப் பாதிக்கும் கிருமி இருக்கலாம்.

செருப்பு, செருப்பு என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத்தின் வழியாக உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரத்த சோகைக்கு அதுவே ஒரு காரணம். கீரை வளர்க்கப் போய் இருக்கிற ரத்தத்தையும் இழப்பதா? பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகளைத் தவறாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஆடி முதல் வாரத்தில் மூன்றடி அகலப் பாத்திகளில் விதைத்தோம். அந்த அகலம் இருந்தால் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று மிதிக்காமல் எட்டலாம். சிறுகீரையும் தண்டுக்கீரையும் 25 நாளில் வந்தன. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை முதன்முதலாக எங்கள் கீரை சத்துணவுக் கூடத்தில் மசியலாயிற்று. தலைமை ஆசிரியை ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சைக்கிளுக்கு முன்பக்கமே இடம் பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்!

உள்ளதைச் சொல்ல வேண்டும். 3 சென்ட் நிலம் 120 பிள்ளைகளுக்குத் தினமும் காய் போடாது. எங்களால் வாரம் ஒரு நாள் கீரை, மாதம் இரண்டு முறை வெண்டையோ கத்தரியோ கொடுக்க முடிந்தது. தக்காளி ஐப்பசி மழையில் அழுகிப் போச்சு. மிளகாய் இலை சுருண்டுகொண்டது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டித் தெளித்தும் பாதிதான் தேறியது. என் மகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவே இல்லை. முருங்கைக்கீரை சாப்பிடும் நாளில் கூட ஒரு எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன், சாப்பாட்டோடு டீயை நிறுத்தினேன். தை மாதப் பரிசோதனையில் 11.4 வந்தது. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கீரைக்கு எவ்வளவு பங்கு என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன்.

எரு வண்டி, பாலித்தீன், மூங்கில், பானை எல்லாம் சேர்த்து அந்தக் கோடையில் ஆன செலவு 2,140 ரூபாய். அதில் பெரியப்பா கொடுத்தது 500. அவர் பேரனோ பேத்தியோ யாரும் அந்தப் பள்ளியில் படிக்கவில்லை.

இந்த வருஷம் சாவி என்னிடம் இல்லை. சின்ன மகள் பள்ளி மாறிவிட்டாள். "மண்ணு கொத்தவா அனுப்பினோம்" என்று கேட்ட அதே மதினிதான் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். குழிக்குச் சருகு நிரம்பிவிட்டதாம். முட்டை ஓட்டை நொறுக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று நேற்று என்னிடம் வந்து சண்டை பிடித்தார்.